அடி வாங்கி வளர்ந்த பிள்ளை ராத்திரியில் ஒளிந்து சாப்பிடுவது ஏன்?

கேட்டவர் ஒரு சித்தி. அவருடைய அக்கா மகளுக்கு 15 வயது. அப்பா குடித்துவிட்டு வந்து அடிப்பவர். "பன்னி மாதிரி தின்னுறா பாரு" என்று தட்டைத் தள்ளிவிட்ட நாட்களும் உண்டாம். போன வருடத்திலிருந்து அந்தப் பெண் சித்தி வீட்டில் தங்கிப் பள்ளிக்குப் போகிறாள். இங்கே அவளை யாரும் அதட்டுவதுகூட இல்லை. ஆனாலும் பகலில் சாப்பாட்டைத் தொட மறுக்கிறாள். எல்லோரும் படுத்தபிறகு அடுப்படிக்குப் போய் கைக்குக் கிடைத்ததையெல்லாம் சாப்பிடுகிறாள். இரண்டு முறை பாத்ரூமில் வாந்தி எடுக்கும் சத்தம் கேட்டிருக்கிறது. சித்தப்பா ஃபிரிட்ஜுக்குப் பூட்டு வாங்கிப் போடலாம் என்கிறார். "சின்ன வயசில் பட்டதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா, இல்லை வெறும் வயசுக் கோளாறா? நாங்கள் நன்றாகத்தானே வைத்திருக்கிறோம்?" என்பது சித்தியின் கேள்வி.

சம்பந்தம் உண்டு. நேர்க்கோடு போட்டதுபோல இதனால் இது வந்தது என்று சொல்லிவிட முடியாது, ஆனால் உண்டு. அவள் சாப்பிடும் விதம் அவளுடைய கெட்ட பழக்கம் என்று எடுத்துக்கொண்டால் எந்த முயற்சியும் தோற்கும். அது எப்போதோ அவளைக் காப்பாற்றிய ஒரு வழி என்று எடுத்துக்கொண்டால் மேற்கொண்டு ஏதாவது செய்யலாம். வளரிளம் பருவப் பிள்ளைகளோடு பல வருடம் ஆலோசகராக உட்கார்ந்து பேசியதில் எனக்குப் புரிந்தது இதுதான். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

1985-இல் அமெரிக்காவின் சான் டியேகோ நகரில், கைசர் பெர்மனன்ட்டே என்ற பெரிய மருத்துவ அமைப்பில், வின்சென்ட் ஃபெலிட்டி என்ற மருத்துவர் எடை குறைப்புச் சிகிச்சை ஒன்றை நடத்திக்கொண்டிருந்தார். சிகிச்சை நன்றாகவே வேலை செய்தது. ஆனால் பாதியில் விட்டுவிட்டுப் போனவர்களில் பலர் எடை குறையாமல் போனவர்கள் இல்லை, நன்றாகக் குறைந்துகொண்டிருந்தவர்கள். எதற்காக ஓடுகிறார்கள் என்று அவருக்கு விளங்கவில்லை. ஒவ்வொருவராக உட்கார வைத்துப் பிறந்தது முதல் கதை கேட்டார். ஒருநாள் ஒரு பெண்ணிடம், முதல் உடலுறவின்போது உங்களுக்கு என்ன வயது என்று கேட்க நினைத்தவர், வாய் தவறி என்ன எடை என்று கேட்டுவிட்டார். அந்தப் பெண் நாற்பது பவுண்டு என்றார். நம் கணக்கில் 18 கிலோ. அதாவது நான்கு, ஐந்து வயதுக் குழந்தையின் எடை. செய்தது அவருடைய அப்பா.

அதற்குப்பின் ஃபெலிட்டி தொடர்ந்து கேட்க, அதே மாதிரிக் கதைகள் அடுத்தடுத்து வர ஆரம்பித்தன. வல்லுறவுக்கு ஆளானபின் மளமளவென்று எடை கூடிய இன்னொரு பெண், குண்டாக இருந்தால் யார் கண்ணும் நம்மேல் விழாது, எனக்கு அதுதான் வேண்டும் என்கிற மாதிரிச் சொன்னாராம். மருத்துவர் எதை நோய் என்று நினைத்தாரோ, அதுதான் நோயாளிக்கு மருந்தாக இருந்திருக்கிறது. எடை குறையக் குறைய அவர்களுக்குப் பயம் கூடியது, அதனால் ஓடினார்கள். பிறகு ராபர்ட் ஆண்டா என்ற ஆய்வாளருடன் சேர்ந்து ஃபெலிட்டி செய்த பெரிய ஆய்வு 1998-இல் வெளியானது. சிறுவயதில் பட்ட கொடுமைகளின் வகை கூடக்கூட, பெரியவரானபின் வரும் உடல்நோயும் மனநோயும் படிப்படியாகக் கூடுகின்றன என்று காட்டிய ஆய்வு அது.

உடல் பருமன் வேறு, உண்ணும் கோளாறு வேறு. இரண்டையும் நான் குழப்பவில்லை. ஃபெலிட்டி பார்த்தது பெரியவர்களை. ஆனாலும், இந்தப் பிரச்சினை எந்தப் பிரச்சினைக்குத் தீர்வாக இருந்தது என்று அவர் கேட்டாரே, அந்தக் கேள்வியை உங்கள் அக்கா மகள் விஷயத்திலும் கேட்க வேண்டும்.

வளரிளம் பருவத்தினரிடம் நடந்த ஆய்வுகளுக்கு வருகிறேன். நியூயார்க் மாநிலத்தில் 782 குடும்பங்களைப் பல வருடம் பின்தொடர்ந்து செய்த ஆய்வு 2002-இல் வந்தது. சிறுவயதில் பாலியல் கொடுமைக்கு ஆளானவர்களுக்கும், சோறு துணி கவனிப்பு இல்லாமல் விடப்பட்டவர்களுக்கும், வளரிளம் பருவத்திலோ இருபதுகளின் தொடக்கத்திலோ உண்ணும் கோளாறு வரும் வாய்ப்பு கூடுதல் என்று அது கண்டது. அதில் இன்னொரு செய்தியும் உண்டு, அதைப் பலர் கவனிப்பதில்லை. அப்பாவின் நடத்தை. பாசம் காட்டாத, பேசாத, நேரம் கொடுக்காத அப்பா என்பது, அம்மாவின் நடத்தையையும் மற்றக் கொடுமைகளையும் கணக்கில் கழித்த பிறகும் தனியாகத் தெரிந்தது. இந்த நோய்க்கு அம்மாவைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது மருத்துவ உலகத்தின் பழைய வழக்கம். அதனால்தான் இதைக் குறிப்பிட்டுச் சொல்கிறேன்.

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் பள்ளிப் பருவம் முதல் பின்தொடரப்பட்ட இளம்பெண்களைப் பற்றி 2008-இல் வந்த ஆய்வில், 16 வயதுக்குமுன் இரண்டு முறையோ அதற்கு மேலோ பாலியல் கொடுமைக்கு ஆளானவர்களுக்குப் புலிமியா வகை அறிகுறிகள் புதிதாகத் தொடங்குவது ஏறக்குறைய ஐந்து மடங்கு அதிகமாக இருந்தது. ஒரே முறை நடந்திருந்தால் இரண்டரை மடங்கு. ஆனால் அனோரெக்சியா வகையோடு அப்படித் தெளிவான தொடர்பு தெரியவில்லை. புலிமியா என்பது அள்ளி அள்ளிச் சாப்பிட்டுவிட்டு, வாந்தியோ பட்டினியோ வேறு ஏதோ செய்து அதை ஈடுகட்டப் பார்ப்பது. அனோரெக்சியா என்பது சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே போய் உடல் ஆபத்தான அளவு மெலிவது. மூன்றாவது வகையில் அள்ளிச் சாப்பிடுவது மட்டும் இருக்கும், ஈடுகட்டல் இருக்காது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டில் அது 2013-இல்தான் தனி நோயாக இடம்பெற்றது. பல ஆய்வுகளைத் திரட்டி 2017-இல் செய்த பகுப்பாய்வும் இதே பக்கம்தான் சாய்கிறது. உண்ணும் கோளாறு உள்ளவர்களில் 21 முதல் 59 சதவீதம் பேர் சிறுவயதுக் கொடுமையைச் சொன்னார்கள், நோய் இல்லாதவர்களில் 1 முதல் 35 சதவீதம். கொடுமையைச் சந்தித்தவர்களுக்கு நோய் சீக்கிரமே தொடங்குகிறது, கடுமையாக இருக்கிறது, அள்ளிச் சாப்பிட்டு வெளியேற்றும் வகையாக இருக்கும் வாய்ப்பும் கூடுதல்.

அந்த 21 முதல் 59 என்பதை இன்னொரு பக்கமிருந்தும் பாருங்கள். கொடுமை எதையும் சொல்லாத நோயாளிகளும் நிறையப் பேர். அடி வாங்கி வளர்ந்தும் சாப்பாட்டில் எந்தச் சிக்கலும் இல்லாதவர்கள் அதைவிட நிறைய. இரட்டைப் பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வுகள் மரபணுவுக்கும் பெரிய பங்கு உண்டு என்று காட்டியிருக்கின்றன. அதனால் மெலிந்துபோன பெண்ணைப் பார்த்ததும் "வீட்டில் என்ன செய்தீர்கள்?" என்று அம்மா அப்பாவை முறைக்கும் மருத்துவரை எனக்குப் பிடிக்காது. உங்கள் அக்கா மகள் விஷயத்தில் நடந்தது என்ன என்று உங்களுக்கே தெரியும் என்பதால்தான் இவ்வளவு உறுதியாகத் தொடர்பைப் பற்றிப் பேசுகிறேன்.

எந்த வகைக் கொடுமை அதிகம் பாதிக்கிறது? அடி, பாலியல் தொல்லை என்றுதான் எல்லோரும் நினைப்போம். 1999-இல் இங்கிலாந்தில் கென்ட், வாலர், டாக்னன் என்ற மூவர் மற்ற வகைக் கொடுமைகளோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது, சாப்பாடு பற்றிய கோளாறான மனப்போக்கோடு அதிகம் ஒட்டிக்கொண்டு நின்றது மனரீதியான கொடுமை. திட்டு, கேலி, அவமானம், "உன்னைப் பெத்ததுக்கு" என்று ஆரம்பிக்கும் வாக்கியங்கள். அந்தத் தொடர்பு நடப்பது இரண்டு வழிகளில் என்றார்கள். ஒன்று பதற்றம். இன்னொன்று, தன்னிலிருந்து தானே விலகிப் போய்விடுதல்.

இரண்டாவது என்ன என்பதை எனக்குப் புத்தகம் சொல்லிக் கொடுக்கவில்லை, 14 வயது மாணவி ஒருத்தி சொல்லிக் கொடுத்தாள். அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றிச் சொல்கிறேன். ராத்திரி என்ன சாப்பிட்டாய் என்று கேட்டேன். துப்பட்டா நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டே வரிசையாகச் சொன்னாள்.

"மொதல்ல தண்ணி ஊத்தின சோறு. அப்புறம் ரஸ்க். ரஸ்க் தீந்ததும் ஹார்லிக்ஸ் பவுடர், ஸ்பூன்ல அப்டியே. தொண்டைல ஒட்டிக்கிச்சு. அப்பவும் நிறுத்தல."

"ருசியா இருந்துச்சா?"

"தெரியல மேம். நான் அங்க இல்ல."

கொஞ்ச நேரம் கழித்து அவளே சொன்னாள்: "சாப்பிடும்போது மட்டும் தலைக்குள்ள அப்பா பேசறது நின்னுடும்."

இதைவிடத் தெளிவாக நான் எப்படி விளக்குவது? வாய் மெல்லுகிறது, கை எடுக்கிறது, ஆள் இல்லை. அரைமணி நேரம் தலைக்குள் அமைதி. பிறகு வெட்கம், வயிற்று வலி, "சே, நான் இப்படி" என்ற குரல். அந்தக் குரலும் அப்பாவுடையதுதான், அவள் தன்னுடையது என்று நினைத்துக்கொண்டிருந்தாள். அந்த வெட்கத்தைக் கழுவ வாந்தி, மறுநாள் பட்டினி. மறுநாள் ராத்திரி மறுபடி அடுப்படி.

சின்ன வயதில் மனம் கலங்கினால் பெரியவர் ஒருவர் தூக்கித் தோளில் போட்டுத் தட்டிக் கொடுக்க வேண்டும். அப்படிப் பலமுறை நடந்தால்தான் தன்னைத் தானே ஆற்றிக்கொள்ளப் பிள்ளை கற்றுக்கொள்ளும். ஆற்ற வேண்டிய ஆளே அடிக்கிற ஆளாக இருந்தால்? பிள்ளை கைக்கு எட்டியதை வைத்துக்கொள்ளும். இனிப்பும் எண்ணெயும் உடனே ஆற்றும். பட்டினியும் ஆற்றும் என்பதுதான் பலருக்கு ஆச்சரியம். ஒரு கட்டத்துக்குமேல் பட்டினி உணர்ச்சிகளை மரத்துப்போகச் செய்கிறது. வீட்டில் எதுவுமே தன் கையில் இல்லாத பிள்ளைக்கு, என் வாய்க்குள் என்ன போகிறது என்பது மட்டும் என் கையில் என்ற பிடிமானம் வேறு கிடைக்கிறது.

இன்னொன்று, சாப்பாட்டு நேரம். குடிக்கிற அப்பா வீட்டுக்கு வருவது எப்போது? பெரும்பாலும் ராத்திரிச் சாப்பாட்டு நேரத்துக்கு. வாசலில் வண்டிச் சத்தம் கேட்டதும் கையில் இருக்கும் கவளம் அப்படியே நிற்கும். வருஷக்கணக்கில் அப்படிப் பயந்து சாப்பிட்ட உடம்புக்கு, நாலு பேரோடு தட்டு முன்னால் உட்காருவதே ஆபத்து என்று பதிந்துவிடுகிறது. பயந்த உடம்பில் கார்ட்டிசால் போன்ற சுரப்புகள் ஏறி இறங்கும் ஒழுங்கு மாறிப்போவதும், பசி எது நிறைவு எது என்று உள்ளிருந்து வரும் சைகைகள் மங்கிப்போவதும் உண்டு. நீங்கள் எவ்வளவு அன்பாகப் பரிமாறினாலும் அவள் உடம்பு இன்னும் அந்த வண்டிச் சத்தத்துக்குக் காத்திருக்கிறது. எல்லோரும் தூங்கியபின், விளக்குப் போடாத அடுப்படியில்தான் அவளுக்குப் பயமில்லாமல் மென்று விழுங்க முடிகிறது. நீங்கள் நன்றாகத்தான் வைத்திருக்கிறீர்கள். அவள் உடம்புக்கு அது தெரிய இன்னும் நாளாகும்.

நம் வீடுகளில் ஒரு விசேஷம் இருக்கிறது. பார்த்ததும் "சாப்டியா?" என்று கேட்பவர்கள் நாம். அன்பைச் சோறாகவே போட்டுப் பழகியவர்கள். அதனாலேயே கோபத்தையும் சோற்றில் காட்டுகிறோம். மார்க் குறைந்தால் "உனக்கு இன்னிக்குச் சோறு கிடையாது", சொன்ன பேச்சு கேட்காவிட்டால் முன்னாலிருக்கும் தட்டைப் பிடுங்குவது, "தண்டச் சோறு" என்பது. பிள்ளையும் அதே மொழியில் பதில் சொல்கிறது, சாப்பிடாமல் இருந்து. அப்புறம் கல்யாண வீட்டில் பெரியம்மாக்கள்: "என்னடி இப்படி ஊதிட்ட?" இதெல்லாம் கொடுமையா என்று கேட்பீர்கள். தனித்தனியாகப் பார்த்தால் இல்லை. ஆனால் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் டயான் நியூமார்க்-ஸ்டைனர் குழுவினர் 1990-களின் இறுதியிலிருந்து ஆயிரக்கணக்கான பள்ளிப் பிள்ளைகளைப் பின்தொடர்ந்து செய்த ஆய்வுகளில், எடையைச் சொல்லிக் குடும்பத்துக்குள் நடக்கும் கேலி, பின்னால் அள்ளிச் சாப்பிடுவதோடு தொடர்பு கொண்டிருப்பது திரும்பத் திரும்பத் தெரிந்தது. ஏற்கெனவே அடியும் வசவும் வாங்கிய பிள்ளையிடம் அந்தக் கேலி போய்ச் சேரும் இடமே வேறு.

இந்தியாவில் இந்தக் கொடுமைகள் எவ்வளவு பரவலானவை? பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007-இல் வெளியிட்ட ஆய்வில் 13 மாநிலங்களின் 12,447 குழந்தைகளிடம் கேட்டார்கள் (தமிழ்நாடு அந்தப் 13-இல் இல்லை). மூன்றில் இரண்டு பேர் அடிவாங்கியவர்கள். 53 சதவீதம் பேர் ஏதாவது ஒரு வகைப் பாலியல் தொல்லையைச் சொன்னார்கள். குடும்பத்துக்குள் அடிவாங்கிய பிள்ளைகளில் பத்துக்கு ஒன்பது பேர் விஷயத்தில் அடித்தது பெற்றோர்தான்.

ஆனால் உண்ணும் கோளாறு இங்கே கண்ணில் படுவது குறைவு. வெள்ளைக்காரப் பணக்காரப் பெண்களின் நோய் என்று ரொம்ப காலம் நினைத்திருந்தோம். 1990-களில் சென்னை மனநல மருத்துவர்கள் மருத்துவ மாணவர்களிடம் கேட்டுப் பார்த்தபோது, ஏறக்குறைய 15 சதவீதம் பேரிடம் முழு நோயாகாத, ஆனால் சாப்பாட்டையும் உடம்பையும் பற்றி அவதிப்படுகிற நிலை இருந்தது. ஹாங்காங்கில் சிங் லீ என்ற மனநல மருத்துவர் 1993-இல் இன்னொன்றைக் காட்டினார். அவருடைய அனோரெக்சியா நோயாளிகளில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்குக் குண்டாகிவிடுவோம் என்ற பயமே இல்லை. வயிறு உப்புகிறது, பசியில்லை என்றார்கள். நம் பிள்ளைகளும் அதைத்தான் சொல்கிறார்கள்: "நெஞ்சிலேயே நிக்குது", "எறங்க மாட்டேங்குது". அதனால் எண்டோஸ்கோபி முடிந்து, அல்சர் மாத்திரை முடிந்து, மந்திரிச்சுக் கயிறு கட்டி, கடைசியில்தான் எங்களிடம் வருகிறார்கள். பையன்கள் அப்படிக்கூட வருவதில்லை. ராத்திரி பையன் நாலு முட்டை சாப்பிட்டால் "வளர்ற வயசு" என்று விட்டுவிடுவோம்.

சரி, நீங்கள் என்ன செய்வது?

முதலில் உடம்பு. வாந்தி எடுப்பவளுக்கு ரத்தத்தில் பொட்டாசியம் குறையும், குறைந்தால் இதயத் துடிப்பு தடுமாறும். பார்க்க நன்றாக இருப்பவளுக்கும் இது நடக்கும், எடையை வைத்து ஆபத்தைக் கணிக்க முடியாது. அதனால் இந்த வாரமே பொது மருத்துவரிடமோ குழந்தை மருத்துவரிடமோ அழைத்துப் போய், வாந்தி எடுக்கிறாள் என்பதை மறைக்காமல் சொல்லி, ரத்தப் பரிசோதனையும் ஈசிஜியும் எடுங்கள். மயக்கம், படபடப்பு, வாந்தியில் ரத்தம், செத்துப்போகலாம் என்ற பேச்சு, கையைக் கீறிக்கொள்வது, இதில் எது இருந்தாலும் அப்பாயின்ட்மென்ட் பார்க்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். மாதவிலக்கு மூன்று மாதமாக வரவில்லை என்றால் அதையும் சொல்லுங்கள். மனநோய்களில் அதிக உயிர்களை எடுப்பவற்றில் அனோரெக்சியா ஒன்று, அந்தச் சாவுகளில் ஐந்தில் ஒன்று தற்கொலை என்று 2011-இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் கண்டார்கள். உங்கள் பெண்ணுக்கு அந்த நோய் என்று நான் சொல்லவில்லை. தள்ளிப்போடாதீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

அடுத்து பகல் சாப்பாடு. இங்கேதான் சித்தப்பாவின் பூட்டுக்கும் பதில் இருக்கிறது. இரண்டாம் உலகப்போரின் கடைசிக் கட்டத்தில், மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்ற ஆய்வாளர், போருக்குப் போக மறுத்த 36 ஆரோக்கியமான இளைஞர்களைச் சம்மதத்தோடு ஆறு மாதம் அரைப்பட்டினி போட்டுப் பார்த்தார். பட்டினியில் வாடும் ஐரோப்பாவுக்கு எப்படிச் சாப்பாடு கொடுத்து மீட்பது என்று தெரிந்துகொள்ளத்தான். அவர்களுக்கு எந்தக் கொடுமையும் நடந்ததில்லை, மனநோயும் கிடையாது. ஆனால் சாப்பாட்டைத் தவிர வேறு நினைப்பே இல்லாமல் ஆனார்கள். தட்டை நக்கினார்கள், சமையல் புத்தகங்களைச் சேர்த்தார்கள். கட்டுப்பாடு நீங்கியபின் சிலர் வயிறு வெடிக்கும் அளவு சாப்பிட்டும் நிறைவு வரவில்லை என்றார்கள். பகலெல்லாம் பட்டினி கிடக்கும் எந்த உடம்பும் ராத்திரி அள்ளத்தான் செய்யும். மனதில் காயம் இருப்பவளுக்கு அது இரண்டு மடங்கு. ராத்திரி சாப்பிடுவதை நிறுத்தப் பார்க்காதீர்கள், பகலில் சாப்பிட வையுங்கள், ராத்திரி தானாகக் குறையும். மூணு வேளை, இடையில் இரண்டு சிற்றுண்டி, கடிகாரம் பார்த்து. நாலு பேரோடு உட்கார முடியவில்லை என்றால் முதலில் நீங்கள் ஒருவர் மட்டும் பக்கத்தில் இருங்கள், நீங்களும் சாப்பிடுங்கள். அவள் தட்டைப் பார்க்காதீர்கள். "இன்னும் ரெண்டு வை" வேண்டாம், "அப்பாடா, சாப்ட்டுட்டா" என்று வெளியில் சொல்வதும் வேண்டாம். சீரியலோ கிரிக்கெட்டோ பேசுங்கள். ஒரு எச்சரிக்கை: ரொம்ப மெலிந்த பிள்ளையாகவோ, பல நாளாகச் சரியாகச் சாப்பிடாத பிள்ளையாகவோ இருந்தால், திடீரென்று நிறையக் கொடுப்பதே ஆபத்து. ரத்தத்தில் உப்புகளின் அளவு சரிந்துவிடும். அதற்காகவும்தான் முதலில் மருத்துவர் என்றேன்.

மூன்றாவது, சிகிச்சை. லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் 1980-களில் உருவான குடும்ப முறைச் சிகிச்சைக்கு வளரிளம் பருவத்தினரிடம் நல்ல ஆதாரம் உண்டு. பெற்றோரே பொறுப்பெடுத்துச் சாப்பிட வைப்பதுதான் அதன் அடிப்படை. ஆனால் தட்டைத் தள்ளிய அதே ஆளிடம் தட்டைக் கொடுக்க முடியுமா? வன்முறை இருக்கும் வீட்டில் அதை அப்படியே செய்யக்கூடாது. உங்கள் அக்கா மகளுக்கு அந்த இடத்தில் நீங்கள் இருக்கலாம், மருத்துவரிடம் அப்படியே கேளுங்கள். புலிமியாவுக்கு ஆக்ஸ்ஃபோர்டில் கிறிஸ்டோஃபர் ஃபேர்பர்ன் உருவாக்கிய எண்ண, நடத்தைச் சிகிச்சை முறையும் பலன் தருகிறது. பழைய காயத்தைப் பற்றிப் பேசுவது எப்போது என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. உடம்பு ஓரளவு நிலைபெற்று, சாப்பாடு ஒழுங்கான பிறகே அதைத் திறக்க வேண்டும் என்பது என் கட்சி. பட்டினி மூளையோடு துக்கத்தைப் பேசினால் மறுநாள் பட்டினி கூடும். அதற்காக அந்தக் காயத்தைத் தொடாமலே விட்டாலும் நோய் திரும்பத் திரும்ப வரும்.

எங்கே போவது? அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு வெளிநோயாளி சேவை உண்டு. சென்னையானால் கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகமும் எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனையும் இருக்கின்றன. 14416 என்ற டெலி-மானஸ் (அரசின் மனநல உதவித் தொலைபேசி) எண்ணில் தமிழிலேயே பேசலாம். அப்பா வந்து மிரட்டினாலோ, திரும்ப அழைத்துப்போவேன் என்று தகராறு செய்தாலோ குழந்தைகள் உதவி எண் 1098-ஐக் கூப்பிடுங்கள்.

இன்னொரு விஷயத்தைத் தெரிந்துகொண்டு அப்புறம் அவளிடம் பேசுங்கள். நீங்கள் எழுதியதில் அடியும் வசவும்தான் இருக்கிறது. அதற்குமேலும் ஏதாவது நடந்திருக்கலாம், நடக்காமலும் இருக்கலாம். துருவிக் கேட்காதீர்கள். மறைமுகமாக "யாராவது உன்னைத் தொட்டாங்களா" என்று தினமும் கேட்டால் அது இன்னொரு தொல்லை. அவளாகச் சொன்னால் நம்புங்கள். ஆனால் "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன், சத்தியம்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி, 18 வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்குப் பாலியல் குற்றம் நடந்தது தெரிந்த யாரும் காவல்துறைக்குச் சொல்லியாக வேண்டும், மறைத்தால் தண்டனை உண்டு. கொடுத்த சத்தியத்தை மீற நேர்ந்தால், அவள் நம்பிய கடைசி ஆளும் போய்விடுவார். "உனக்குப் பாதுகாப்பா இருக்கறதுக்கு யார்கிட்ட சொல்லணுமோ அவங்ககிட்ட மட்டும், உனக்குத் தெரியாம எதுவும் செய்ய மாட்டேன்" என்று சொல்லலாம். அவள் எதையும் சொல்லவில்லை என்றால், எதுவும் நடக்கவில்லை என்றும் முடிவு கட்டாதீர்கள். குழந்தைப் பருவத்திலேயே பதிவான கொடுமைகளையும், அதே ஆட்கள் பின்னால் நினைவிலிருந்து சொன்னதையும் ஒப்பிட்ட ஆய்வுகளைத் திரட்டி 2019-இல் பார்த்தார்கள். பதிவானவர்களில் பாதிப்பேர் பின்னால் அப்படி எதுவும் சொல்லவில்லை. மறந்தும் இருக்கலாம், சொல்ல விரும்பாமலும் இருக்கலாம். சொல்லாமலேகூட அவள் குணமாகலாம்.

கடைசியாகப் பூட்டு. வேண்டாம். சித்தப்பா கோபத்தில் சொல்லவில்லை, பயத்தில் சொல்கிறார் என்று புரிகிறது. ஆனால் அவளைப் பொறுத்தவரை சாப்பாட்டை அவளிடமிருந்து பிடுங்கிய முதல் ஆள் அப்பா. பூட்டுப் போட்டால் இரண்டாவது ஆள் சித்தப்பாவாகிவிடுவார். பூட்டிய வீடுகளில் பிஸ்கட் பாக்கெட்டுகள் தலையணை உறைக்குள்ளும், பழைய ஸ்கூல் பைக்குள்ளும் போய்ச் சேருவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பாத்ரூம் கதவுக்கு வெளியே காவல் நிற்பதும் வேண்டாம். சாப்பிட்டு முடித்து ஒரு மணி நேரம் உங்களோடு பேச்சுக்கோ மாடியில் துணி மடிக்கவோ இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள், போதும். வாந்தி எடுத்துவிட்டாலும் உடனே பல் தேய்க்க வேண்டாம், அமிலத்தோடு தேய்த்தால் எனாமல் போய்விடும், வாய் மட்டும் கொப்பளிக்கச் சொல்லுங்கள்.

ராத்திரி நீங்கள் தண்ணீர் குடிக்க எழுந்துவரும்போது அவள் அங்கே நின்றுகொண்டிருந்தால் திட்டாதீர்கள், அழாதீர்கள். கதவுக்கு வெளியிலிருந்தே செருப்புச் சத்தம் கேட்கும்படி நடந்து வாருங்கள், அவள் திடுக்கிடக் கூடாது. "உக்காந்து சாப்பிடு" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு, பெரிய விளக்குக்குப் பதிலாக அடுப்புமேல் இருக்கும் சின்ன விளக்கைப் போடுங்கள். இரண்டு டம்ளரில் பால் சுட வையுங்கள். ஒன்று உங்களுக்கு.